மூவொரு கடவுளைச் சுவரில் எப்படிக் கீறுவது?

வாசகர் கேள்வி, 2025 யூன் 9

எங்கள் கத்தோலிக்கக் கோயில் முல்லைத்தீவுப் பக்கம். முகப்பைத் திருத்துகிறோம். பழைய முகப்பில் முக்கோணத்துக்குள் ஒரு கண் இருந்தது. திரும்ப அதைப் போடவேண்டாம், அது இலுமினாட்டி அடையாளம், அமெரிக்க டொலரிலும் இருக்கிறது என்று பெடியள் யூரியூப் காணொளியைக் காட்டுகிறார்கள். இன்னொருவர், பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆள் ஒரு கடவுள் என்கிற திரித்துவமே பிரம்மா விஷ்ணு சிவன் கதையைப் பார்த்து எடுத்தது என்கிறார். கோயில்களில் படம் கீறுகிறவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கோ.

யூன் 9, இரவு

நான் கீறுகிறவன்தான். கிளிநொச்சிப் பக்கம் கடைப் பலகை எழுதுவது தொழில். கோயில் வேலையும் வரும். அந்தோனியார் கோயிலும் வரும், பிள்ளையார் கோயிலும் வரும். அப்பா உபதேசியாராக இருந்தவர். ஆகவே இந்த விஷயமெல்லாம் வீட்டில் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது.

முதலில் டொலர். கண் உள்ள அந்த முத்திரையை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது 1782இல். ஒரு டொலர்த் தாளில் அது ஏறியது 1935இல். முக்கோணத்துக்குள் கண் என்பது ஐரோப்பாவில் பீடங்களுக்கு மேலே அதற்கு முன்பே இருந்தது. ஃபிறீமேசன் என்ற இரகசியச் சங்கத்தார் அதைப் பரவலாக எடுத்துக்கொண்டதும் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். கோயில் டொலரைப் பார்த்துக் கொப்பி அடிக்கவில்லை. பெடியளிடம் இதைச் சொல்லுங்கள். கேட்கமாட்டார்கள், ஆனாலும் சொல்லுங்கள்.

யூன் 10, காலை

கண்ணைப் பற்றி இன்னும் ஒன்று. பொந்தோர்மோ என்ற இத்தாலிய ஓவியர் 1525இல் எம்மாவு விருந்தைக் கீறினார், உயிர்த்த இயேசு இரண்டு சீடரோடு அப்பத்துக்கு இருக்கும் கட்டம். இப்போது ஃபுளோரன்ஸ் நகரில் இருக்கிறது. இயேசுவின் தலைக்கு மேலே முக்கோணமும் கண்ணும். ஆனால் அந்தக் கண் பொந்தோர்மோவின் கை இல்லை, பிறகு வந்த ஒருவர் போட்டது. அடியில் ஒரே தலையில் மூன்று முகம் இருந்தது என்று கலை வரலாறு படித்தவர்கள் சொல்கிறார்கள். மூன்று முகத் திரித்துவப் படம் அந்தக் காலத்து இத்தாலியில் சாதாரணம். பிறகு அது அரக்கன் மாதிரி இருக்கிறது என்று முகம் சுளிக்கத் தொடங்கினார்கள். 1628இல் பாப்பரசர் எட்டாம் ஊர்பான் அப்படிப் படங்களைத் தடை செய்தார்.

பெடியள் அழிக்கச் சொல்கிற கண், ஒருகாலத்தில் இன்னொன்றை அழிக்க வந்த கண். சுவர் வேலைக்காரனுக்கு இது புதினமில்லை. மாதா படத்துக்காக ஒரு மதிலைச் சுரண்டியபோது அடியில் தேர்தல் சின்னம் வந்தது. எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன்.

யூன் 10, பின்னேரம்

மும்மூர்த்தி ஒப்பீடு இரண்டு வீட்டாருக்கும் பிடிக்காது. பக்கத்து வளவு ஐயா பழுத்த சைவர், காலையில் தேவாரம் பாடாமல் தேத்தண்ணி குடியார். அவரிடம் கேட்டேன். "எங்கட சிவனை மூன்றில் ஒன்று என்று ஆர் சொன்னது? அவனெல்லோ ஐந்தொழிலும் செய்கிறவன்" என்று சீறினார். சைவ சித்தாந்தப்படி பிரம்மாவும் விஷ்ணுவும் அவன் அருளால் பதவி பெற்ற உயிர்கள். படைக்க ஒருவர், காக்க ஒருவர், அழிக்க ஒருவர் என்று சமமாக நிறுத்தினால் ஐயா சண்டைக்கு வருவார்.

எங்கள் பக்கமும் அப்படித்தான். படைப்பது பிதா, மீட்பது சுதன், ஆறுதல் தருவது ஆவி என்று ஞாயிறு மறைக்கல்வியில் சுருக்கமாகச் சொல்வதுண்டு. ஆனால் இது அமைச்சரவையில் இலாகா பிரிக்கிற விஷயமில்லை. உலகத்தை நோக்கிச் செய்யும் எதையும் மூவரும் ஒன்றாகவே செய்கிறார்கள் என்பதில் பழைய காலத்து ஆயரான அகுஸ்தீனார் கண்டிப்பானவர். வேறுபாடு ஒருவர் மற்றவருக்கு யார் என்பதில் மட்டும்: பிதா எவரிடமிருந்தும் வரவில்லை, சுதன் பிதாவிடம் பிறக்கிறார், ஆவி புறப்படுகிறார். அவ்வளவுதான்.

எங்கிருந்து எடுத்தது என்றால்: ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர்களில் அந்தியோக்கியாவில் தியோபிலுஸ் 180 அளவில், கார்த்தேஜில் தெர்த்துல்லியன் அதற்குச் சற்றுப் பின்னால், இப்படித்தான் பேச்சுத் தொடங்கியது. யூத வேதத்தின் ஒரே கடவுளை விடவும் மனமில்லை, இயேசுவை வணங்குவதை நிறுத்தவும் முடியவில்லை. அந்த நெருக்கடியில் பிறந்தது.

யூன் 11

இந்தக் கேள்வியால் பரந்தன் சந்தித் தேத்தண்ணிக்கடையில் நேற்று இரண்டு பேர் முகம் பார்க்காமல் எழுந்து போனார்கள். 4ஆம் நூற்றாண்டுக் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் இதே நிலைதான். அந்தக் காலத்து ஆயர் நீசாவின் கிரெகோரியார் சலித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்: காசு மாற்றக் கேட்டால் பிறந்தவர், பிறவாதவர் என்று வகுப்பு எடுக்கிறான், பாண் என்ன விலை என்றால் பிதாதான் பெரியவர் என்கிறான், குளிக்கத் தண்ணீர் ஆயத்தமா என்றால் சுதன் ஒன்றுமில்லாமையிலிருந்து வந்தவர் என்கிறான்.

எங்கள் கடைக்காரர் இன்னும் பாண் விலையைச் சரியாகத்தான் சொல்கிறார்.

யூன் 12

"அப்படியென்றால் ஏன் இதை இவ்வளவு சிக்கலாக்கினார்கள்?" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறா. ஆயர்கள் கூடி இதைத் தீர்மானித்த நீசேயா சங்கத்துக்கு இந்த வருடம் 1700 வருடம், ஆகவே கேட்கவேண்டிய கேள்விதான்.

அலெக்சாந்திரியாவில் அரியுஸ் என்ற குரு, சுதன் மிக உயர்ந்தவர், ஆனால் படைக்கப்பட்டவர் என்று போதித்தார். "அவர் இல்லாத ஒரு பொழுது இருந்தது" என்பது அவர் பக்கத்து வாசகம். சொல்லப்போனால் அரியுஸின் கொள்கை இலகுவானது. மேலே கடவுள், அடுத்த படியில் மகன், அதற்கும் கீழே நாங்கள். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். 325இல் கொன்ஸ்தந்தீன் பேரரசர் கூட்டிய சங்கம் அந்த இலகுவை மறுத்தது. சுதன் பிதாவோடு ஒரே பொருளானவர் என்று விசுவாசப் பிரமாணத்தில் எழுதிவைத்தது. அதோடு முடியவில்லை. அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் அதற்காகத் திரும்பத் திரும்ப நாடுகடத்தப்பட்டார். பரிசுத்த ஆவியைப் பற்றித் தனிச் சண்டை. 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் வந்துதான் ஓரளவு அடங்கியது.

சிக்கலாக்க அவர்கள் விரும்பவில்லை என்று நினைக்கிறேன். இலகுவான ஒவ்வொரு விளக்கமும் எதையோ ஒன்றைக் கைவிடச் சொன்னது. அரியுஸிடம் போனால் இயேசுவை வணங்குவது சிலை வணக்கம் ஆகிவிடும். அதற்கு முந்திய நூற்றாண்டில் உரோமையில் இருந்த சபேல்லியுஸிடம் போனால், ஒரே ஆள்தான் மூன்று வேடம். அப்போது கெத்சமனித் தோட்டத்தில் இயேசு செபித்தது யாரிடம்?

சின்னங்களைப் பற்றி என் கருத்து இதிலிருந்துதான் வருகிறது. நல்ல திரித்துவச் சின்னம் கடவுளை விளக்க வராது. எந்தப் பக்கம் போகக்கூடாது என்று வேலி போடும்.

யூன் 13

வேலி என்றால் எப்படி என்று கேட்ட தம்பிக்கு. 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கையெழுத்துப் பிரதிகளில் ஒரு கேடயம் இருக்கும். மூன்று மூலையில் மூன்று வட்டம்: பிதா, சுதன், பரிசுத்த ஆவி. நடுவில் ஒரு வட்டம்: கடவுள். மூலையிலிருந்து நடுவுக்குப் போகும் பட்டியில் "ஆவார்" என்று எழுதியிருக்கும். மூலைக்கு மூலை போகும் பட்டியில் "அல்லர்". பிதா கடவுள் ஆவார், சுதன் கடவுள் ஆவார், ஆவி கடவுள் ஆவார். பிதா சுதன் அல்லர், சுதன் ஆவி அல்லர், ஆவி பிதா அல்லர். முடிந்தது. எப்படி என்று அந்தப் படம் ஒரு சொல் சொல்லாது. ஓரத்துப் பட்டி மூன்றும் சபேல்லியுஸை மறிக்கின்றன, நடுப்பட்டி மூன்றும் அரியுஸை.

எல்லாச் சின்னத்திலும் எனக்குப் பிடித்தது இதுதான்.

யூன் 13, இரவு

ஆனால் சுவரில் போட்டால் சரிவராது. முகப்பு உயரத்தில் ஆறு பட்டியிலும் எழுத்துப் போட்டால் கீழே நிற்பவருக்கு எறும்பு ஊர்வதாகத் தெரியும். கண்ணாடிச் சட்டத்தில் சின்னதாகப் போட்டு மறைக்கல்வி வகுப்பில் மாட்டலாம்.

யூன் 15, தமத்திரித்துவ ஞாயிறு

பூசை முடிந்து எழுதுகிறேன். பிரசங்கத்தில் வழமைபோல அகுஸ்தீனாரும் கடற்கரைப் பிள்ளையும். பிள்ளை சிப்பியால் கடலை அள்ளிக் குழிக்குள் ஊற்றுகிறது, இது முடியுமா என்கிறார் அவர், திரித்துவத்தை விளங்கிவிடலாம் என்று நீ நினைப்பது மட்டும் முடியுமா என்கிறது பிள்ளை. 1334இல் பாப்பரசர் 22ஆம் யோவான் இந்தத் திருநாளை முழுத் திருச்சபைக்கும் பொதுவாக்கினார். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை கடலை அள்ளிக்கொண்டே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கதை அகுஸ்தீனார் எழுதியதில் இல்லை, மத்திய காலத்தில் வந்து ஒட்டியது. அவர் உண்மையில் எழுதியது இதைவிட நல்லது. திரித்துவம் பற்றி 15 புத்தகம் எழுதிய மனிதர், அதற்குள்ளேயே ஓரிடத்தில் சொல்கிறார்: மூன்று ஆட்கள் என்று சொல்கிறோம், அதைச் சொல்லிவிட முடியும் என்பதற்காக அல்ல, பேசாமல் இருந்துவிடக் கூடாதே என்பதற்காக. பங்குச் சுவாமி ஒருக்கால் இதைப் பிரசங்கத்தில் சொன்னால் நான் எழுந்து நிற்பேன்.

யூன் 16

ஒருவர் வில்வ இலைப் படம் அனுப்பியிருக்கிறார்: "ஒரு காம்பு மூன்று இலை, நம்ம ஊர்த் திரித்துவம், முகப்பில் போடலாமே." அழகான இலை. வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வரை சிவன் கோயில் வளவுகளில் நிற்கும். அயர்லாந்தில் பத்திரிசியார் மூவிலைப் புல்லைக் காட்டித் திரித்துவம் போதித்தார் என்பார்களே, அதே யோசனை. அவர் 5ஆம் நூற்றாண்டு. இந்தக் கதை அச்சில் வருவது 18ஆம் நூற்றாண்டில்.

இலையில் குறை ஒன்று உண்டு. ஒரு இதழைக் கிள்ளினால் கையில் இருப்பது மூன்றில் ஒரு பங்கு. சுதன் கடவுளில் மூன்றில் ஒரு பங்கு அல்லர், முழுக் கடவுள். தண்ணீர், நீராவி, பனிக்கட்டி உதாரணம் சொல்வோருக்கும் இதே கதி: ஒரே தண்ணீர் நேரத்துக்கு ஒரு வேடம் என்றால் அது சபேல்லியுஸின் வீடு. அப்புறம், ஐயா வேறு மதிலுக்கு மேலால் கேட்கிறார், எங்கட வில்வத்தை எங்கே கொண்டுபோகிறாய் என்று.

யூன் 18

மேலே எழுதியது கொஞ்சம் இறுக்கமாகப் படுகிறது. உதாரணங்கள் எல்லாம் தப்பு என்றால் ஆதித் தந்தையரே தப்பு. தெர்த்துல்லியன் வேர், தளிர், கனி என்றார். சூரியன், கதிர் என்றார். அவர்கள் ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்வார்கள், எதிலும் குடியிருக்கமாட்டார்கள். வில்வ இலையை வகுப்பில் காட்டலாம். காட்டிவிட்டுக் கிள்ளியும் காட்டவேண்டும்.

யூன் 19

மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்தில் ஒரு கரையோரக் கோயிலுக்கு வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஊர் பெயர் வேண்டாம். கூரை இல்லை. பீடத்துக்குப் பின்சுவரில் முன்பு பிதா தாடியோடு, சுதன் சிலுவையோடு, மேலே புறா. ஷெல் விழுந்து சுவரின் கீழ்ப்பாதி போய்விட்டது. புறா மட்டும் மிச்சம். உள்ளே வந்த ஒரு ஆச்சி அண்ணாந்து பார்த்து, "மூன்று பேரில ஒராள்தான் தப்பினவர் போல" என்றா.

அப்பாவின் வளர்ப்பு சும்மா இருக்க விடாது. ஆச்சி, ஒருவர் நிற்கிற இடத்தில் மற்ற இருவரும் நிற்பினம், பிரிக்கேலாது என்றேன். இதைத் தமஸ்குவின் யோவான் போன்ற பழைய இறையியலாளர்கள் ஒருவரில் ஒருவர் உறைதல் என்று விரித்து எழுதினார்கள், அதெல்லாம் நான் சொல்லவில்லை. ஆச்சி கொஞ்சம் யோசித்தா. "அப்ப மூன்று பேரும் இஞ்சதான் நின்றவையோ, அந்த நேரமும்?" என்றா. எந்த நேரம் என்று நான் கேட்கவில்லை. வன்னியில் அந்தக் கேள்வியை விளக்கிக் கேட்கத் தேவையில்லை.

பதில் சொல்லாமல் சாந்து குழைத்தேன். திரும்பக் கீறும்போது பங்கு மக்கள் புறாவைத் தொடவேண்டாம் என்றார்கள். ஆகவே புறா பழைய கை, மற்றவை என் கை. நிறம் ஒத்துவரவில்லை, அப்படியே விட்டோம்.

யூன் 20

தாடி வைத்த பிதாவைக் கீறலாமா என்று கேள்வி. மேற்கில் 1745இல் பாப்பரசர் 14ஆம் ஆசீர்வாதப்பர் இதைப் பற்றிக் கடிதமே எழுதினார். தானியேல் புத்தகத்தில் வருகிறபடி பிதாவை முதியவராக, ஆவியைப் புறாவாகக் கீறலாம். ஆவியைத் தனி இளைஞனாகக் கீறக்கூடாது. நாங்கள் இங்கே கீறுவது அந்தக் கணக்குத்தான். ரஷ்யாவிலோ 1666-67 மொஸ்கோ சங்கம் முதியவரையே வேண்டாம் என்றது.

அவர்களுக்கு வேறு படம் இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்திரேய் ருப்லோவ் என்ற துறவி கீறியது. ஆதியாகமம் 18: மம்ரேயில் வெயில் நேரத்தில் ஆபிரகாமின் கூடாரத்துக்கு மூன்று பேர் வருகிறார்கள். அவர் ஓடிப்போய்க் கால் கழுவத் தண்ணீர், கன்றுக்குட்டி, சாராளிடம் அப்பம் என்று அமர்க்களப்படுகிறார். வேதம் அந்த விருந்தாளிகளை ஒருமையிலும் பன்மையிலும் மாறி மாறிப் பேசும். முந்திய ஓவியர்கள் ஆபிரகாமையும் சாராளையும் சேர்த்துக் கீறினார்கள். ருப்லோவ் அவர்களை எடுத்துவிட்டார். மூன்று சம்மனசுகள் (வானதூதர்கள்), ஒரு மேசை, ஒரு கிண்ணம். மூவருக்கும் ஏறக்குறைய ஒரே முகம், உடையில் மட்டும் வேறுபாடு, மூவரிடமும் ஒரே நீலம் எங்கோ ஓரிடத்தில். யார் பிதா, யார் சுதன் என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். 1551இல் ரஷ்யச் சங்கம் ஒன்று, ஓவியர்கள் திரித்துவத்தை ருப்லோவ் கீறியதுபோலவே கீறவேண்டும், சொந்தக் கற்பனை வேண்டாம் என்று கட்டளை போட்டது. தொழில்காரனாக எனக்கு அது பிடிக்கவில்லை. படத்தைப் பார்த்தால் ஏன் போட்டார்கள் என்று விளங்குகிறது.

நான் கவனித்தது மேசையின் முன்பக்கம். அங்கே ஒருவரும் இல்லை, பார்க்கிறவர் நிற்கிற பக்கம் அது. கேடயத்தில் இது கிடையாது. வேலி மட்டும் போதும் என்று 12ஆம் தேதி எழுதியவன் இதில் கொஞ்சம் தடுமாறுகிறேன். வேலி போட்டவர்களுக்கு உள்ளே யாரோ கூப்பிடுவது கேட்டிருக்கவேண்டும்.

யூன் 21

ஒருவர் கேட்டதற்கு: ஆம், நத்தார் தாத்தா நீசேயாவில் அரியுஸைக் கன்னத்தில் அறைந்தார் என்பது கட்டுக்கதைதான். நத்தார் தாத்தாவுக்கு மூலமான மிராவின் நிக்கொலாஸ் சங்கத்துக்கு வந்தாரா என்பதே சந்தேகம். வட்ஸ்அப்பில் அனுப்புவதை நிறுத்துங்கள். (எனக்கு அனுப்பலாம்.)

யூன் 22

நீசேயா கதைகளில் எனக்கு இதுதான் விருப்பம். சைப்பிரஸ் ஆயர் ஸ்பிரிதோன், ஆடு மேய்த்தவர். திரித்துவத்தைக் காட்ட ஒரு ஓட்டுத் துண்டை எடுத்துக் கையால் நெரித்தாராம். நெருப்பு மேலே போயிற்று, தண்ணீர் கீழே வடிந்தது, கையில் களிமண் மிஞ்சியது. மூன்றும் ஒரே ஓடு. இதுவும் பக்திக் கதைதான். ஆனால் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையைக் கண்டு வளர்ந்த ஆட்களுக்கு ஓடு என்பதே மண்ணும் தண்ணீரும் நெருப்பும் என்று சொல்லித்தர ஆள் வேண்டாம்.

யூன் 25

மூன்று முகம் தடை என்று எழுதினேன். தமிழ்நாட்டில் குளித்தலைக்குப் பக்கத்தில், காவேரிக் கரையில், தண்ணீர்ப்பள்ளி சாந்திவனம் என்ற கத்தோலிக்க ஆசிரமம் இருக்கிறது. 1950இல் மொன்ஷனேன், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கியது. சச்சிதானந்த ஆசிரமம் என்றும் பெயர். அதன் கோபுரத்தில் திரித்துவம் திரிமூர்த்தி வடிவில், மூன்று முகத்தோடு இருக்கிறது. 1628இல் அழிக்கச் சொன்னது காவேரிக் கரையில் திரும்ப முளைத்திருக்கிறது. இங்கே ஒரு முகப்பில் நான் அதைக் கீறினால் ஐயாவும் சுவாமியும் சேர்ந்து என்னைத் துரத்துவார்கள். அந்த விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே மனம்.

யூன் 28

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: முக்கோணம், சுற்றிக் கதிர், கண் வேண்டாம், நடுவில் புறா என்று கூட்டத்தில் முடிவாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. பெடியளுக்குப் பயந்து கண்ணை எடுத்தது மட்டும் பிடிக்கவில்லை. முக்கோணத்துக்கு மூன்று பக்கமும் ஒரே அளவு வரவேண்டும், தம்பி. கொத்தனார் கண்மட்டத்தில் போட்டால் அரியுஸுக்குச் சார்பாக முடியும்.

யூலை 3

மடு மாதா கோயிலில் ஆடித் திருவிழா முடிந்து வந்தேன். இந்தத் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் தமிழரும் சிங்களவரும் ஒரே விதமாகச் சிலுவை அடையாளம் போடுவதைப் பார்ப்பேன். ரஷ்யாவில் அதை இரண்டு விரலால் போடுவதா மூன்று விரலால் போடுவதா என்று 17ஆம் நூற்றாண்டில் திருச்சபையே பிளந்தது. இரண்டு விரல்காரரான குரு அவ்வாகும் 1682இல் எரிக்கப்பட்டார்.

நேற்று அங்கேயே குடும்பப் பிரச்சினையும் வந்தது. தம்பியின் மகன் குழந்தையில் கத்தோலிக்க ஞானஸ்நானம் பெற்றவன். யுத்தம் முடிந்தபிறகு "இயேசு நாமத்தில் மட்டும்" சபை ஒன்றுக்குப் போய்க் குளத்தில் திரும்பவும் முழுகினான். பிதா சுதன் ஆவி என்று சொல்லாமல் இயேசுவின் பெயரால் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கிற அந்தக் கொள்கை 1913இல் கலிபோர்னியாவில் ஒரு பெந்தகொஸ்தே முகாமில் கிளம்பியது. 1916இல் அசெம்பிளீஸ் ஒஃப் கோட் சபை திரித்துவத்தை உறுதிப்படுத்த, மற்றவர்கள் வெளியேறினார்கள். இயேசு கிறிஸ்துவின் பெயரால் என்கிற அப்போஸ்தலர் பணி 2:38ஐ அவர்கள் பிடிப்பார்கள், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் என்கிற மத்தேயு 28:19ஐ நாங்கள் பிடிப்போம். பெடியன் இப்போது திரும்ப எங்கள் கோயிலுக்கு வருகிறான். அவன் கட்டப்போகிற பிள்ளைக்கு அந்தச் சபை ஞானஸ்நானம் மட்டும்தான். தண்ணீரும் பிதா சுதன் பரிசுத்த ஆவி என்ற வாசகமும் இருந்தால் வேறு சபையில் கொடுத்ததையும் கத்தோலிக்கம் ஏற்கும். இந்த வாசகம் இல்லாவிட்டால் ஏற்காது. ஆகவே பிள்ளை ஞானஸ்நானம் பெறவேண்டும் என்றார் சுவாமி. பிள்ளைக்கு அழுகை: "நான் விசுவாசத்தோடதானே முழுகினனான்?" சுவாமி சொன்னது சட்டப்படி சரி. பிள்ளையின் விசுவாசம் பொய் என்று அவரும் சொல்லவில்லை. அதைப் பிள்ளைக்கு விளங்கப்படுத்த எனக்குப் பின்னேரம் முழுவதும் போயிற்று. கேடயத்தை ஒரு சிட்டைத் துண்டில் கீறியும் காட்டினேன்.

கடைசியில் சம்மதித்தா. சடங்கில் மூன்று கேள்வி வரும் என்று சொல்லிக்கொடுத்தேன்: பிதாவை விசுவசிக்கிறீரா, சுதனை விசுவசிக்கிறீரா, பரிசுத்த ஆவியை விசுவசிக்கிறீரா.

"மாமா, மூன்று தரமும் பதில் சொல்லவேணுமோ, கடைசியில ஒருக்கால் சொன்னால் காணுமோ?"

மூன்று தரமும்தான் என்றேன். தண்ணீரும் மூன்று தரம், ஆனால் தலைக்கு மட்டும். முழுகத் தேவையில்லை என்றதும்தான் பிள்ளையின் முகம் கொஞ்சம் தெளிந்தது.